உள்பக்கம் மட்டும் வழுக்கை

போலீஸ் இன்ஸ்பெக்டர் உச்சிமாகாளி ஓய்வு பெற்றபோது தொப்பி, லத்தி, பெல்ட் எல்லாவற்றையும் அரசாங்கம் திருப்பி வாங்கிக்கொண்டது. விசாரணை புத்தியை மட்டும் வாங்க மறந்துவிட்டது. அவர் அதைப் பத்திரமாகச் சொந்த ஊரான இலஞ்சிக்குக் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் குழம்பில் உப்புக் கூடினால் அது கைத்தவறு இல்லை, சதி. பால்காரர் தாமதித்து வந்தால் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும். அவருடைய மனைவி ஆவுடையம்மாள் ஒரு குற்றமும் செய்யாமலேயே தினம் ஒரு வாக்குமூலம் கொடுத்துப் பழகிப்போனாள்.

ஓய்வுப் பணத்தில் ஒரு பெரிய கார் வாங்கினார். ஆவுடையம்மாள் சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மலையேறுவதுபோல ஏற வேண்டிய கார். “பின்சக்கரம் ரெண்டும் தனித்தனியா நிக்கும் சார். ஒண்ணு பள்ளத்துல எறங்குனா இன்னொண்ணுக்குத் தெரியவே தெரியாது” என்று ஷோரூமில் சொன்னார்கள். அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவருடைய போலீஸ் ஸ்டேஷனும் அப்படித்தான் நடந்தது.

கார் வந்ததும் அதற்குச் சங்கிலியும் வந்தது. பாதித் திருட்டுக் கேசுகளைக் கண்டுபிடிக்காமலேயே ஓய்வு பெற்றவர் என்பதால் திருடர்களின் திறமைமேல் அவருக்கு அபாரமான மதிப்பு. பூட்டை உடைப்பான், சாவி செய்வான், கண்ணாடியை நெம்புவான். எனவே ஒரு காலத்தில் மாடு கட்டிய கல்தூண் வாசலில் சும்மா நின்றதை வேலைக்கு எடுத்தார். ராத்திரி காரை அதன் பக்கத்தில் நிறுத்தி, தரையில் சாக்கை விரித்துப் படுத்து, இடதுபக்கப் பின்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையில் சங்கிலியைக் கோத்து, கல்லைச் சுற்றிப் பூட்டுப் போடுவார். லட்சக்கணக்கில் விலை போட்ட கார் எருமைமாடு மாதிரி கட்டுத்தறியில் கிடக்கும்.

போன தை மாதம் ஒருநாள் காலையில், கோவில் விழாவில் தனக்குப் போட்ட முன்வரிசை நாற்காலியில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் உட்கார்ந்துவிட்டார் என்று அவருக்குப் போன் வந்தது. வேட்டியைக் கட்டியும் கட்டாமலும் ஓடிவந்து காரைக் கிளப்பினார். கார் உறுமியது, நகரவில்லை. இன்னும் அழுத்தினார். டம்மென்று ஒரு சத்தம். கல் சாய்ந்தது, சங்கிலி கல்லின் தலைவழியே கழன்று விழுந்தது, கார் பாய்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை மீட்டுவிட்டு மத்தியானம் வந்துதான் பார்த்தார்.

வேறு மனிதராக இருந்தால் தலையில் கையை வைத்திருப்பார். இவருக்கு மார்பு விரிந்துவிட்டது. “எப்பேர்ப்பட்ட வண்டி பாத்தியா! கல்லே சாஞ்சுட்டு! வண்டியில ஒரு கீறல் உண்டா பாரு!” சாய்ந்த கல்லை நிமிர்த்தவே விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி வருவதற்கு முன்பு அந்தக் கல்லைக் காட்டுவார். தபால்காரர் ஒரே கதையை மூன்று தரம் கேட்டுவிட்டு, அதன்பிறகு கடிதத்தை மதிலுக்கு மேலேயே எறிந்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

சித்திரையில் டயர் சிக்கியது. காரைக் கழுவும்போது இடதுபக்கப் பின்டயரின் உள்பக்கம் கையில் வழவழவென்று பட்டது. வெளிப்பக்கம் புதுக் கருக்கு அழியாமல் இருக்கிறது, உள்பக்கம் மொட்டை.

“ஏட்டி ஆவுடை, இங்கன வா” என்று கூப்பிட்டார். குரலில் பிணத்தைக் கண்டெடுத்த கம்பீரம். “தொட்டுப் பாரு. எவனோ வேல காட்டிருக்கான்.”

“டயருன்னா தேயத்தானங்க செய்யும்?”

“தேஞ்சா முழுசும் தேயணும். உள்பக்கம் மட்டும் வழுக்கன்னா என்ன அர்த்தம்? கல்லுல ஏத்தி எறக்கிருக்கு. இந்த வண்டியத் தொட்டது ரெண்டே பேரு. ஒண்ணு நான். நான் செய்யல.” நிறுத்தினார். “பொங்கலுக்குத் திருவேங்கடத்துக்கு ஓட்டிட்டுப் போனது யாரு?”

பொங்கலுக்கு ஓட்டிப் போனது மாப்பிள்ளை முத்துச்செல்வம். பட்டாளத்தில் லடாக் பக்கம் லாரி ஓட்டுகிறவர். லீவில் வந்து, மனைவி ஜெயசித்ராவைக் காரில் ஏற்றித் தன் ஊரான திருவேங்கடத்துக்குப் போய், திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார். கல் சாய்ந்தது அதற்குப் பிறகு. நாள் கணக்குப் பார்க்க இரண்டு விரல் போதும். ஆனால் விரலை மடக்க வேண்டியவர் விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

குற்றவாளியை எப்படி விசாரிக்க வேண்டும் என்று உச்சிமாகாளிக்கு ஒரு கொள்கை உண்டு. அதைச் சொல்லாத கல்யாண வீடு அந்த வட்டாரத்தில் கிடையாது. “அடிக்கவே கூடாது. ஒரு காப்பிய வாங்கிக் குடுத்து, அவன் பெருமைய அவன் வாயால பேச விடணும். பேசிக்கிட்டே வருவான், தன்னால உண்மையக் கக்கிருவான்.” நல்ல கொள்கைதான். மாப்பிள்ளையிடம் மட்டும் அதை மறந்துவிட்டார்.

வைகாசியில் முத்துச்செல்வம் மறுபடியும் லீவில் வந்தார். அப்போது ஜெயசித்ராவுக்கு ஆறாவது மாதம். இருவரும் இலஞ்சிக்கு விருந்துக்கு வந்தார்கள். ஆவுடையம்மாள் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து, இலை போட்டுப் பரிமாறினாள். மாப்பிள்ளை இரண்டாவது உருண்டையை எடுக்கும்போது இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

“மாப்ளே, திருவேங்கடம் ரோட்டுல எந்தக் கல்லுல ஏத்துனீரு?”

“எத மாமா?”

“வண்டியத்தான். பின்டயரு உள்பக்கம் மொட்டையாக் கெடக்கு.”

“நான் எதுலயும் ஏத்தலயே மாமா. நான் பனியில மலையேத்தத்துல லாரி ஓட்டுதவன்.”

“அது எனக்குத் தெரியும். பனியில ஓட்டுதவனுக்குக் கல்லு கண்ணுக்குத் தெரியாதுன்னு நான் சொல்லல. கல்லு எங்கன கெடந்துச்சுன்னு மட்டும் சொல்லும்.”

முத்துச்செல்வம் எடுத்த உருண்டையை இலையிலேயே வைத்தார். பிறகு கையை உதறிவிட்டு எழுந்தார். மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுவது சாதாரணக் காரியமா? ஆவுடையம்மாள் குழம்புக் கரண்டியோடு வாசல்வரை ஓடினாள். “அத்தே, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடயாது” என்றார். அவ்வளவுதான். ஜெயசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனாள். உச்சிமாகாளி உள்ளே உட்கார்ந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார். “பாத்தியா, கேள்வி கேட்டதும் ஓடுதாரு. குத்தமுள்ள நெஞ்சு” என்றார்.

இரண்டு நாள் கழித்து மகள் போனில் பேசினாள். “அவிய மன்னிப்பெல்லாம் கேக்கச் சொல்லலம்மா. ‘வண்டிய நீரு கெடுக்கல’ன்னு அப்பா வாயால ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம். இல்லன்னா வளைகாப்பு முடிஞ்சாலும் அனுப்ப மாட்டேன், பேறுகாலம் இங்கனயேதான்னு சொல்லுதாவ.”

ஆவுடையம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலைப்பிரசவம். திருவேங்கடத்து வீட்டில் மாமியார் இல்லை, போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. மாமனார் ஒருத்தர், அவருக்கே கண் சரியாகத் தெரியாது. ஆனி முடிந்தால் மாப்பிள்ளையின் லீவும் முடியும். ஆடி பிறந்துவிட்டால் பிள்ளைத்தாய்ச்சியை வீடு மாற்ற மாட்டார்கள். ஆவணியில் டாக்டர் அசையக் கூடாது என்பார். ஆனிக்குள் மகளைக் கூட்டிவராவிட்டால், அந்தப் பிள்ளை வலியெடுத்துக் கத்தும்போது பக்கத்தில் பெற்றவள் இருக்க மாட்டாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இந்த மனுஷன் வாயிலிருந்து வர வேண்டும். கல்லைக்கூடச் சாய்த்துவிட்ட மனுஷனைச் சாய்க்க எந்த வண்டியைக் கொண்டுவருவது?

அவரோ விசாரணையைத் தீவிரப்படுத்திக்கொண்டிருந்தார். தேய்ந்த டயரைக் கழற்றி, கோர்ட்டில் சான்றாகக் காட்டும் சாமானைப்போல அதற்கு ‘தொண்டிப் பொருள்’ என்று பெயர் வைத்து, பழைய வேட்டியில் சுற்றிப் படுக்கையறையில் வைத்தார். ஆவுடையம்மாள் ரப்பர் நாற்றத்தில் தூங்கினாள்.

புது டயர் போட்டு, தென்காசியில் எபனேசர் என்பவனின், சக்கரங்களை நேராக்குகிற அலைன்மென்ட் கடைக்குக் காரைக் கொண்டுபோனார். ஆவுடையம்மாளும் கூடப் போயிருந்தாள்.

“நாலு வீலும் பாத்துருவோமா சார்?” என்று எபனேசர் கேட்டான்.

“ஏம்ல, பின்வீலு திரும்புதா?”

“இல்ல சார். பழைய வண்டின்னா பின்னால ஒரே இரும்புல ரெண்டு வீலும் நிக்கும், ஒண்ணும் பாக்க வேண்டாம். இது புது மாடலு, பின்வீலும் தனித்தனியா...”

“ஸ்டியரிங் எங்கன இருக்கு? முன்னாலயா, பின்னாலயா? திரும்புத சக்கரத்துக்குத்தாம்ல அலைன்மென்ட். எங்கிட்டயே வித்தையக் காட்டுதியா?”

எபனேசருக்கு வேலையும் மிச்சம், வம்பும் மிச்சம். போலீஸ்காரரோடு, அவர் ஓய்வு பெற்றிருந்தாலும்கூட, எதிர்த்துப் பேசினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்தவன். “சரி சார்” என்று முன்சக்கரங்களை மட்டும் திருகிக் கொடுத்தான். அடுத்த வாரம் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது என்று மறுபடியும் போனார். மறுபடியும் “சரி சார்.” நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் தரம் எபனேசரை நன்றாக வைதுவிட்டு, வைத திருப்தியில் கோணல் ஸ்டியரிங்கோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆனி பிறந்தபோது புது டயரும் உள்பக்கம் வழவழவென்று வந்துவிட்டது.

“இதையுமா மாப்பிள்ள தேச்சாரு?” என்று ஆவுடையம்மாள் கேட்டாள். “புது டயரு போட்ட பெறகு அவரு இந்தப் பக்கமே வரலயே!”

“ஒரு தரம் கெடுத்துட்டா அது கெட்ட பழக்கம் மாதிரிட்டி. வண்டிக்கு ஒட்டிக்கிடும்” என்றார். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் கண்டுபிடித்தார். பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் பின்டயருக்குத்தானே பாரம்? அன்றிலிருந்து பின்சீட்டில் உட்காரத் தடை. அரிசி மூட்டைகூட முன்சீட்டில்தான் வர வேண்டும். ஒரு தடவை மூட்டைக்கு சீட்பெல்ட் மாட்டி, ஆவுடையம்மாளை பஸ்ஸில் வரச் சொன்னார். அவள் அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். கோபத்தில் அழுதாள், துக்கத்தில் இல்லை.

சாரல் பிடித்தது. அச்சன்புதூரிலிருந்து அவருடைய தங்கை மூக்கம்மாள் குடும்பத்தோடு ஐந்தருவியில் குளிக்க வந்தாள். அத்தனை பேரையும் எப்படிக் கூட்டிப்போவது? பெரிய கார் இருக்கிற வீட்டில் அதற்கென்ன கவலை! மசூதின் பழைய வேன் வந்தது. மசூது பக்கத்துத் தெருக்காரன், ஆவுடையம்மாளை அக்கா என்பான். தங்கை குடும்பமும் ஆவுடையம்மாளும் வேனில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள். முன்னால் காரில் உச்சிமாகாளி ராஜாவாட்டம் தன்னந்தனியாகப் போனார். பக்கத்துச் சீட்டில் எண்ணெய்க் கிண்ணமும் துண்டும்.

குற்றால ரோடு நனைந்து பளபளத்தது. ஆவுடையம்மாள் வேனின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் அந்தக் காரைப் பின்னாலிருந்து அவள் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கார் நேராகத்தான் போகிறது, ஆனால் நேராகப் பார்த்துக்கொண்டு போகவில்லை. மூக்கு ஒரு பக்கம், பின்புறம் ஒரு பக்கம்.

“யக்கா” என்றான் மசூது. “ஐயா வண்டி நாய் ஓடுத மாதிரி ஒருச்சாய்ச்சுப் போகுது, பாத்தியளா? முன்வீலு போன தடத்துல பின்வீலு போக மாட்டேங்கு. செம்மண்ணுல பாருங்க, மத்த வண்டிக்கெல்லாம் ரெண்டு கோடு, இதுக்கு மட்டும் நாலு கோடு!”

மூக்கம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “எங்கண்ணன் நடையே அப்பிடித்தான மதினி!”

ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை. அருவியில் எல்லாரும் ஓவென்று கத்திக்கொண்டு நின்றபோது அவள் தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, மனதில் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் கோணல். பின்சக்கரத்தில் எது கட்டியிருந்தது? எது இழுத்தது? எது சாய்ந்தது?

மறுநாள் காலையில் அவர் நடைப்பயிற்சிக்குப் போனதும் வாசலுக்கு வந்தாள். குனிந்து காருக்கடியில் நுழைய அவள் உடம்பு இடம் கொடுக்காது. கையை மட்டும் உள்ளே நீட்டி, வலதுபக்கம் ஒரு போட்டோ, இடதுபக்கம் ஒரு போட்டோ, போனில் எடுத்தாள். அடுப்படியில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சந்தையில் இரண்டு முருங்கைக்காயை எடுத்துப் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாதா? வலதுபக்கக் கை நேராக இருந்தது. இடதுபக்கக் கை வளைந்திருந்தது. வளைந்த இடத்தில் சங்கிலி தேய்த்த தடம்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் கட்டிய சங்கிலிக்கு, இந்த மனுஷன் மிதித்த மிதிக்கு, என் மகள் தாயில்லாத வீட்டில் கிடந்து பிள்ளை பெற வேண்டுமா?

ஒரு தடவை நேராகவே சொல்லிப் பார்த்தாள். “இங்கேருங்க, அன்னைக்குச் சங்கிலியோட இழுத்தியள்லா, அதுல ஏதாச்சும் வளைஞ்சிருக்குமோ?”

“கூறுகெட்டவளே! கல்லே சாஞ்சுட்டு, வண்டிக்கு என்ன ஆவும்? வண்டி வளைஞ்சா கல்லு எப்பிடிச் சாயும்?” என்றார். சட்டப்படி இதற்குப் பதிலே கிடையாது என்கிற தோரணையில் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அவள் போட்டோவைக் காட்டவில்லை. காட்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குப் போட்டோ எடுக்கத் தெரியாது என்று நிரூபித்துவிடுவார். அன்று மாலை அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய கொள்கை அவளுக்கு ஞாபகம் வந்தது. அடிக்கவே கூடாது.

ஆனிக் கடைசியில் திருவேங்கடத்தில் வளைகாப்பு. அனுப்புகிறார்களோ இல்லையோ, வளையல் போடப் பெற்றவள் போகாமல் இருக்க முடியுமா? மசூதின் வேனில் சீர்த்தட்டுகள், மூக்கம்மாள், உறவுப் பெண்கள். ஆவுடையம்மாளும் வேனில்தான். காரில் உச்சிமாகாளியும் தொண்டிப் பொருளும். அந்த மொட்டை டயரை டிக்கியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெண் வீட்டிலிருந்து வளைகாப்புக்கு இப்படி ஒரு சீர் அந்த ஊருக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

ஜெயசித்ராவை மணையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசினார்கள். பச்சையும் சிவப்புமாகக் கைநிறைய வளையல். முகம் மட்டும் வாடியிருந்தது. ஆவுடையம்மாள் வளையல் போடக் குனிந்தபோது, “வந்துருவேனாம்மா?” என்று காதோடு கேட்டாள். ஆவுடையம்மாள் வளையலை மணிக்கட்டில் ஏற்றினாள். “வருவட்டி. செத்த பொறு” என்று மட்டும் சொன்னாள்.

ஆண்கள் முன்னறையில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முத்துச்செல்வம், அவருடைய அப்பா, சித்தப்பாமார். யாரும் இன்ஸ்பெக்டரோடு அதிகம் பேசவில்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “மாப்ளே, எல்லாரும் இருக்கையில ஒரு விசயத்தப் பேசி முடிச்சிருவோம். ஒரு பொருளு கொண்டாந்துருக்கேன்” என்று எழப்போனார்.

ஆவுடையம்மாள் காப்பித் தம்ளரோடு குறுக்கே வந்து நின்றாள். “முதல்ல இதக் குடிங்க. சூடு ஆறிரும்.” அவர் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். அவள் நகரவில்லை. “ஏங்க, ஊரு பூரா சொன்னிய, அந்தக் கல்லு சாஞ்ச சங்கதிய மாப்பிள்ளைகிட்டச் சொல்லவே இல்லையே? பாவம், அப்பம் அவிய ரயிலேறிட்டாவ.”

உச்சிமாகாளியின் முகத்தில் விளக்கேற்றியது போல இருந்தது. டயர், கேசு, தொண்டிப் பொருள் எல்லாம் பறந்தன.

“அட, ஓமக்குத் தெரியாதா மாப்ளே? நீரு வண்டியக் கொண்டாந்து விட்டுட்டு ரயிலேறுன மறுநாளு. தங்கம் மாதிரி ஓடிட்டிருந்த வண்டி. கிளப்புதேன், நகர மாட்டேங்கு. என்னடான்னா சங்கிலியக் கழத்தல!”

“அய்யய்யோ” என்றார் ஒரு சித்தப்பா.

“நம்ம வண்டி விட்டுருமா? ஒரே மிதி! ஆள் ஒசரக் கல்லு, அப்பிடியே சாஞ்சுட்டு! இன்னைக்கும் சாஞ்சுதான் நிக்கி, வந்து பாரும்.”

“எப்பேர்ப்பட்ட இழுப்பு!” என்றார் இன்னொரு சித்தப்பா. காப்பி நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்தது.

முத்துச்செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. “சங்கிலிய வண்டியில எங்கன மாட்டுவிய மாமா?”

“பின்சக்கரத்தத் தாங்குத இரும்புக் கை ஒண்ணு இருக்கும்லா, அதுலதான். எவனும் அறுக்க முடியாது.”

“எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

“மொட்டையானது எந்தப் பக்கத்து டயரு மாமா?”

“அதுவும் இடப்...”

வாய் திறந்தபடி நின்றது. கண் சரியாகத் தெரியாத சம்பந்தக்காரர்கூட அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆவுடையம்மாள் வாசலை அடைத்தாற்போல நகர்ந்து நின்றாள். இந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டால்? ஜெயிப்பதற்கு அவள் வரவில்லை, மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள்.

உச்சிமாகாளியின் கண்கள் அறையைச் சுற்றி வந்தன. பழக்கதோஷம். பிடித்து உள்ளே போட ஓர் ஆளைத் தேடின. கடைசியில் கிடைத்துவிட்டது.

“அந்தக் கல்ல ஊனுனவன் சரியில்ல” என்றார். “அவ்ளோ ஆழமா எதுக்கு ஊனணும்? தொட்டதும் சாஞ்சிருந்தா வண்டிக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

உள்ளேயிருந்து முதலில் சிரித்தது ஜெயசித்ராதான். அடக்க முடியாமல் கை வளையல்கள் எல்லாம் குலுங்கச் சிரித்தாள். மூக்கம்மாள் சிரித்தாள், சித்தப்பாமார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உச்சிமாகாளி நிலைப்படி வழியாக மகளைப் பார்த்தார். வயிறும் வளையலுமாக, அழுகிற மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிற மகள். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். சாட்சி போதாமல் கைதியை விடுதலை செய்கிற குரல் வந்தது.

“மாப்ளே. வண்டிய நீரு கெடுக்கல.”

“சரி மாமா” என்றார் முத்துச்செல்வம். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, “சித்ரா, பெட்டிய எடுத்துக்கோ” என்றார்.

ஆவுடையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அத்தனை நாள் அழுகையையும் அப்போது அழுதாள்.

புறப்படும்போது முத்துச்செல்வம் காருக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். “சித்ரா இதுல வர வேண்டாம். அங்கன சாரல் பெய்யுது, நனைஞ்ச ரோட்டுல பின்பக்கம் வழுக்கிரும். எல்லாரும் வேன்ல வாங்க. நான் மெதுவா ஓட்டிட்டு வந்து எபனேசர் கடையில விடுதேன். வளைஞ்சத மாத்திட்டு நாலு வீலும் பாத்துருவோம்.”

மூக்கம்மாளும் மற்றவர்களும் அங்கிருந்தே பஸ் ஏறினார்கள். வேனில் மசூதுக்குப் பக்கத்தில் உச்சிமாகாளி உட்கார்ந்தார். பின்னால் ஆவுடையம்மாள் தோளில் ஜெயசித்ரா சாய்ந்துகொண்டாள். தென்காசியை நெருங்க நெருங்கச் சாரல் கண்ணாடியில் படிந்தது. முன்னால் அந்தப் பெரிய கார் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. தன் காரைப் பின்னாலிருந்து உச்சிமாகாளி பார்ப்பது அதுதான் முதல்முறை. வெகுநேரம் உற்றுப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு குரல் திரும்பிவிட்டது, பழைய கம்பீரத்தோடு.

“ஏட்டி ஆவுடை! மாப்பிள்ள ஓட்டுத லெச்சணத்தப் பாத்தியா? வண்டி எப்பிடிக் கோணலாப் போகுது பாரு. இவருதான் பனியில லாரி ஓட்டுதாராம்!”

மசூதின் தோள்கள் குலுங்கின. ஜெயசித்ரா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். ஆவுடையம்மாள் மகளின் கையை வளையலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மசூது, கார முந்திப் போயிரு” என்றாள். “பெட்டியும் பிள்ளையும் வீட்டுக்குள்ள போற வரைக்கும் இவிய கண்ணுல அந்த வண்டி படக் கூடாது.”